முறைச்சட்டிக் கீரை

சின்னதம்பி களி கிண்டுகிற அழகைப் பார்ப்பதற்கென்றே பலாக்கொல்லைப் பெண்கள் கைவேலையைப் போட்டுவிட்டு வந்தார்கள். ஐம்பது வயது வரையில் அடுப்புப் பக்கம் தலைவைத்தும் படுக்காத மனிதர் அவர். ஏர் பிடித்துச் சாமை விதைக்கவும், புளியமரத்தின் உச்சிக் கிளையில் நின்று கோல்கொண்டு உலுக்கவும் தெரிந்த கைகளுக்குத் துடுப்புப் பிடிக்கத் தெரியவில்லை. உலை கொதித்ததும் கேழ்வரகு மாவு முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டிவிடுவார். பிறகு பானையை இரு கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு செக்காட்டுவதுபோலச் சுற்றுவார். பானையின் ஒருபுறம் மாவு கட்டிபட்டு நிற்கும். மறுபுறம் கூழாக ஓடும்.

கட்டிலில் சாய்ந்திருந்த அவர் மனைவி மாதம்மாள் இருந்த இடத்திலிருந்தே ஆணையிடுவாள்.

"இன்னாய்யா அது, களியா, ஆட்டுக்கு வெக்கிற தவுடா? கட்டிய உடைச்சி உடைச்சி கிண்டுன்னு எத்தினி தபா சொல்றது!"

"நீ சும்மா கெடமே. டாக்டரம்மா உன்ன அசையக்கூடாதுன்னு சொல்லிகீறாங்க."

"ஒடம்பதான் அசைக்கக்கூடாதுன்னாங்க. வாய அசைக்கக்கூடாதுன்னா சொன்னாங்க?"

வாசலில் நின்ற பெண்கள் கைகொட்டிச் சிரிப்பார்கள். சின்னதம்பிக்கு முகம் சுருங்காது. மனைவியின் வாய் பழையபடி ஓயாமல் ஓடுகிறது என்பதே அவருக்குப் பெரும்பேறாக இருந்தது. அந்த வாய் ஒரு மாதத்திற்குமேல் அடங்கிக் கிடந்ததை அவர் கண்டிருக்கிறார்.

புரட்டாசியில் மாதம்மாளுக்கு ஈரலில் அறுவை நடந்தது. ஆட்டுப்பட்டி நாயின் வழியாகத் தொற்றுகிற ஒரு புழு அவளுடைய ஈரலுக்குள் கூடு கட்டி, ஆண்டுக்கணக்கில் வளர்ந்து, தேங்காய் அளவு நீர்க்கட்டியாகிவிட்டிருந்தது. வேலூர் மருத்துவமனையில், கட்டியை மட்டும் தனியே பிரிக்க இயலாமல், அதைச் சுற்றியிருந்த ஈரலின் ஒரு பகுதியையும் சேர்த்து எடுத்தார்கள். தையல் ஆறிவந்த வேளையில் வயிறு உப்பிக் காய்ச்சல் கண்டது. படம் பிடித்துப் பார்த்தபோது, ஈரலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெரிய குழாயில் இரத்தம் உறைந்து கட்டியாக நின்றது தெரிந்தது.

மலைக்காரர்களுக்கு ஒன்றும் விளங்காது என்று தாமே தீர்ப்பெழுதிக்கொண்டு, விளக்குவதற்கு முயலாமலே போகிறவர்கள் எத்தனையோ பேர். அந்த அலட்சியத்தைவிட இழிவான நோய் எந்தப் புழுவாலும் வருவதில்லை. டாக்டர் சரிதா அந்த வகையைச் சேர்ந்தவர் அல்லர். நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு அமர்ந்து, கணவன் மனைவி இருவருக்கும் நிதானமாகச் சொன்னார்:

"அறுத்த ஈரல் திரும்ப வளரும்மா, வெட்டின கிளை தழையற மாதிரி. ஆனா வளர்ற வரைக்கும் ஒரு தொல்லை இருக்கு. ரத்தத்தை உறைய வைக்கிறதுக்கு வேண்டியதையும் ஈரல்தான் செய்யுது. கண்ட இடத்துல உறையாம பார்த்துக்கிறதையும் ஈரல்தான் செய்யுது. ரெண்டும் தராசுத் தட்டு மாதிரி. ஈரலை அறுத்ததுல தராசு ஆடிப்போச்சு. இப்போ உறையற தட்டு தாழ்ந்து நிக்குது. அதுக்குத்தான் இந்த மாத்திரை. இது கொறைஞ்சா கட்டி வளரும். மிஞ்சினா ரத்தம் வந்தா நிக்காது. ரத்தத்தைச் சோதிச்சுச் சோதிச்சுத்தான் அளவைச் சரிபண்ணணும்."

"வெட்டுக்காயம் ஆவக்கூடாதுங்களா?" என்றார் சின்னதம்பி.

"ஆகவே கூடாது. அரிவாள், கத்தி எதையும் தொடவிடாதீங்க. இன்னொண்ணு. கீரையைக் கொட்டிக் கொட்டிச் சாப்பிடக்கூடாது. கீரை அதிகமானா இந்த மாத்திரை வேலை செய்யாது." அவர் எழுந்தபோது மேலும் ஒன்று சொன்னார். "ஒடுகத்தூர்ல ரத்தம் சோதிச்சா, உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு ஒரு எண் வரும். அதை எனக்குச் சொல்லுங்க. அந்த எண் நிலையா நின்னாத்தான் மலையில இருக்கலாம். நிக்கலன்னா, கட்டி கரையற வரைக்கும் இங்கேயே பக்கத்துல அறை எடுத்துத் தங்கித்தான் ஆகணும்."

மருத்துவர் வெளியே போனதும் மாதம்மாள் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வார்டில் அவளுக்கு உறக்கம் பிடிக்கவில்லை. மின்விசிறியின் இரைச்சலில் அவளால் மழை வருகிறதா என்றுகூட அறிய முடியவில்லை. ஆடு கத்தாத விடியல் என்ன விடியல் என்று புலம்பினாள்.

"யோவ், இன்னொரு தபா என்ன இங்க கொணாந்து போட்டியின்னா, ஈரலு பொழைச்சிக்கும், நான் பொழைக்கமாட்டேன். வூட்லயே வெச்சிக்க. சொல்ட்டேன்."

"வூட்லதான் வெச்சிக்குவேன்" என்று சின்னதம்பி வாக்குக் கொடுத்தார்.

அந்த வாக்குக்காகத்தான் அவர் களி கிண்டக் கற்றார். அந்த வாக்குக்காகவே, வீடு திரும்பிய அன்று, பின்புறத்து முருங்கையின் தாழ்ந்த கிளைகளை எல்லாம் கழித்து ஆடுகளுக்குப் போட்டார். டாக்டர் குறைக்கச் சொன்ன கீரையை அவர் அடியோடு விலக்கினார். தம் வீட்டு அடுப்பில் ஓர் இலைகூட வேகலாகாது என்பது அவர் வகுத்த சட்டம். மகன் ராஜ்குமார் ஒடுகத்தூருக்கும் மலைக்குமாக ஆளேற்றி ஜீப் ஓட்டுகிறவன். ஒருநாள் சந்தையிலிருந்து ஒரு கட்டுக் கீரை வாங்கி வந்தபோது அதைத் திண்ணமாக மறுத்து, வந்த ஜீப்பிலேயே திருப்பி அனுப்பினார்.

ஆனால் முறைச்சட்டி வந்தது.

பலாக்கொல்லையில் ஒருவர் உடம்பிலிருந்து இரத்தம் சிந்திப் பிழைத்து வந்தால், அது பிள்ளைப்பேறாயினும் மரத்திலிருந்து விழுந்ததாயினும், வீட்டுக்கு வீடு முறைவைத்து ஒரு மண்சட்டி நிறையக் கீரைக் கடைசலும் சாமைச் சோறும் கொண்டுவந்து வைப்பார்கள். இழந்த இரத்தத்தை ஊர் கூடி ஊறவைப்பதாக ஐதீகம். பிழைத்தவர் தாமே ஊற்றுக்கு நடந்துபோய்த் தண்ணீர் மொண்டு வருகிறவரையில் சட்டி நிற்காது. ஊற்று மலைச்சரிவில் கீழே இருந்தது, பாறை வழுக்கும். மாதம்மாளை அங்கே விடுவதற்கு இன்னும் பல மாதம் ஆகும். முறைச்சட்டியை வேண்டாம் என்று சொன்னவர் அந்த ஊரில் இதுவரை பிறக்கவில்லை. வேண்டாம் என்றால், 'உன் கை எனக்கு ஆகாது' என்று பொருள்.

எனவே ஒருநாள் பண்ணைக்கீரை, மறுநாள் தும்பை, அதற்கு மறுநாள் குமுட்டி, பின்பு முருங்கை எனச் சட்டிகள் வந்தன. அவற்றைக் கொண்டுவருவதில் முன்நின்றவள் செவ்வந்தி. அவள் சின்னதம்பியின் தம்பி மனைவி; மாதம்மாளுக்கு ஓரகத்தி. இருவரும் இருபது ஆண்டுகளாக ஒரு வேலிக்கு இரு பக்கமும் நின்று சண்டையிட்டுக்கொண்டே அன்பாக வாழ்கிறவர்கள்.

"யக்கா, நேத்து பெரியவூட்டுச் சட்டி சப்புனு இருந்திச்சாமே? இத்த துன்னு பாரு. பூண்டு தட்டிப்போட்டுக் கடைஞ்சிகீறேன். செத்த ரத்தம்கூட எழுந்து ஓடும்."

"ஓடக்கூடாதுன்னுதான்டி டாக்டரு சொல்றாங்க."

"ஓடாம குந்தியிருந்ததாலதான கட்டி ஆச்சி? துன்னு, துன்னு."

மாதம்மாள் உண்டாள். சின்னதம்பி அருகில் அமர்ந்து அவள் உண்பதைப் பார்த்து மகிழ்ந்தார். அவர் மனத்தில் இதைப்பற்றி ஓர் ஐயமும் எழவில்லை. ஏனெனில் முறைச்சட்டியில் வருவதை அந்த ஊரில் யாரும் உணவுக் கணக்கில் சேர்ப்பதில்லை. விரதம் இருக்கிறவன்கூட முறைச்சட்டியில் ஒரு வாய் உண்ணலாம், விரதம் கெடாது. அது ஊரின் ஆசி. ஆசியை எவர் கீரை என்பர்?

இரத்தத்தின் எண் உயரவில்லை. ஒரு மாத்திரை ஒன்றரை ஆயிற்று, ஒன்றரை இரண்டாயிற்று. கார்த்திகையில் மாதம்மாளை வேலூருக்கு அழைத்துச் சென்றபோது டாக்டர் சரிதா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"மாத்திரையை ஒழுங்கா குடுக்கறீங்களா, ஐயா?"

"பொயுது தவறாம குடுக்கறேங்க. சேவல் மறந்தாலும் நான் மறக்கறதில்லீங்க."

"வீட்டுல கீரை சமைக்கிறீங்களா?"

"ஒரு எலை இல்லீங்க. அடுப்பு மேல சத்தியம்."

"சத்தியம்தாங்க" என்றாள் மாதம்மாளும். "கீரக்கட்ட ஜீப்போட திருப்பி அனுப்பிட்டாருங்க இந்த மனுசன்."

அவர்கள் பொய் சொல்லவில்லை என்பதை அந்த இரு முகங்களைப் பார்த்த எவரும் சொல்லிவிடுவர். டாக்டரும் நம்பினார். சிலருடைய உடம்புக்கு மருந்து மிகுதியாக வேண்டியிருக்கும் என்று கருதி மீண்டும் அளவைக் கூட்டினார். "அடுத்த தடவையும் இப்படியே இருந்தா, நான் மலைக்கு அனுப்பமாட்டேன்" என்று சொல்லி அனுப்பினார். வரும் வழியெல்லாம் சின்னதம்பி மாத்திரைகளை எடுத்து எண்ணிக்கொண்டே வந்தார். ஜீப் கொண்டையூசி வளைவுகளில் ஏற ஏற, குளிர்காற்று முகத்தில் படப்பட, மாதம்மாளோ பாட்டே பாடத் தொடங்கிவிட்டாள்.

சாமை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. மேட்டுக்கொல்லைகளில் கதிர் பழுத்துச் சாய்ந்து, காற்றடிக்கும்போதெல்லாம் சலசலவென்று பேசிற்று. ஊரே வரிசையாகக் குனிந்து அறுத்தது. மாதம்மாளை வரப்பிலிருந்த பலாமரத்தடியில் உட்காரவைத்து, 'எழுந்தால் கட்டிப்போடுவோம்' என்று மிரட்டியிருந்தார்கள். சற்று நேரம் பொறுத்தாள். பிறகு, ஒருவரும் பாராத வேளையில், கிடந்த அரிவாள் ஒன்றை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் புகுந்துவிட்டாள்.

முதலில் கண்டவள் செவ்வந்தி. "அய்யய்யோ மாமா! உங்க பொண்டாட்டி அருவா புடிச்சிகினு கீறா!"

கொல்லை முழுதும் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடிவந்தது. சின்னதம்பி வழியில் இரு முறை விழுந்து எழுந்து வந்து சேர்ந்தார்.

"குடு அத்த! குடுன்றேன்!"

"ரெண்டு புடிதான்யா அறுத்தேன். கை அரிக்கிது. குந்தி குந்தி நான் பலாக்காயா ஆயிட்டேன்."

"நீ பலாக்காயாவே இரு. அறுபட்ட பலாக்காயா ஆவாத."

ஊர்க்கவுண்டர் ராஜவேலு நடுவில் வந்து நியாயம் பேசினார்: அரிவாள் தொடக்கூடாது; ஆனால் கட்டு எண்ணிச் சொல்லலாம், எவர் ஒழுங்காக அறுக்கவில்லை என்று திட்டலாம். இந்தத் தீர்ப்பில் மாதம்மாள் முழு நிறைவு அடைந்தாள். அன்று மாலைக்குள் திட்டு வாங்காத ஆள் அந்தக் கொல்லையில் இல்லை. ராஜவேலுவே இரு முறை வாங்கினார்.

தையில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிய நாள்முதல் கும்பம் கரைக்கிறவரையில் சமைத்த பண்டம் எதுவும் ஒரு வீட்டு வாசற்படியைத் தாண்டி மற்றொரு வீட்டுக்குப் போகலாகாது. தாண்டினால் வீட்டின் குளிர்ச்சி போய்விடும் என்பார்கள். முறைச்சட்டியும் நின்றது. அதுபற்றி யாரும் கவலைப்படவில்லை. மாதம்மாள் முகம் தெளிந்து, நடை தேறி, கூத்துப் பார்க்கக் கோயில் திடலுக்கே வந்துவிட்டாள்.

கும்மி நடந்த பிற்பகலில் செவ்வந்தி ஆட்டத்தின் நடுவே கால் இடறிச் சறுக்கி, மேளக்காரர் மடிமீதே போய் உட்கார்ந்துவிட்டாள். திடல் சிரிப்பால் அதிர்ந்தது. மாதம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இன்னாக்கா, காப்பு நாள்ல திருட்டு வெத்தலையா? பல்லெல்லாம் செவப்பா கீது!" என்று எழுந்து வந்த செவ்வந்தி கேட்டாள்.

"வெத்தலயா? நான் எங்கடி போட்டேன்?"

மாதம்மாள் புறங்கையால் வாயைத் துடைத்துப் பார்த்தாள். இரத்தம். ஈறுகளின் ஓரமெல்லாம் கசிந்துகொண்டிருந்தது. அடுத்த கணம் மூக்கிலிருந்தும் ஒரு கோடு இறங்கிற்று. சின்னதம்பி அவள் கையைப் பற்றித் தூக்கியபோது, வளையல் அழுந்திய இடமெல்லாம் நாவற்பழச் சாறு கொட்டியதுபோல் கறுத்திருந்தது. மேளம் நின்றது.

ராஜ்குமார் ஜீப்பைத் திடலுக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்தினான். செவ்வந்தி கேட்காமலே ஏறிக்கொண்டு ஓரகத்தியின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். மூக்கை ஈரத்துணியால் அழுத்திப் பிடித்தபடியே ஒடுகத்தூர் கடந்து வேலூர் வரையில் கையை எடுக்கவில்லை. சின்னதம்பி முன்னிருக்கையில் அமர்ந்து, ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு சாமியை வேண்டிக்கொண்டு வந்தார். வளைவுகள் தீர்வதற்குமுன் அவருக்குத் தெரிந்த சாமிகள் தீர்ந்துபோயின.

எண் எல்லை மீறி ஏறியிருந்தது. ஊசி போட்டார்கள், மாத்திரையை நிறுத்தினார்கள். மறுநாள் காலைக்குள் கசிவு நின்றது. "டீ ஒண்ணு கெடைக்குமா, இல்ல இங்க டீக்கும் சோதனை பண்ணுவீங்களா?" என்று மாதம்மாள் கேட்டபிறகுதான் சின்னதம்பிக்கு மூச்சு வந்தது. டாக்டர் சரிதா கட்டிலருகே நின்று யோசித்தார்.

"இவ்வளவு நாளும் ஏறாத எண் திடீர்னு எப்படி எகிறிச்சு? இந்த ஒரு வாரத்துல புதுசா என்ன சாப்பிட்டீங்க?"

"புதுசா ஒண்ணும் இல்லீங்க" என்றார் சின்னதம்பி.

"சரி, எதையாவது நிறுத்தினீங்களா?"

"ஒண்ணும் நிறுத்தலீங்க. காப்பு கட்டிட்டதால முறைச்சட்டி வர்ல. அவ்ளோதானுங்க."

"முறைச்சட்டின்னா?"

செவ்வந்தி பெருமிதத்துடன் முன்வந்தாள். "கீரைங்க, டாக்டரம்மா. ஊர்ல வூட்டுக்கு ஒரு சட்டி. நாங்க இவுங்கள ஒருநாளும் கீரை இல்லாம வுட்டதில்லீங்க."

டாக்டர் அருகிலிருந்த நாற்காலியில் மெல்ல அமர்ந்தார்.

"ஐயா, வீட்டுல கீரையே சமைக்கலன்னு சொன்னீங்களே?"

"வூட்ல சமைக்கலீங்களே!" என்றார் சின்னதம்பி, உண்மையான வியப்புடன். "அது ஊரு சட்டிங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். அடக்க முயன்று, முடியாமல், கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு சொன்னார்: "நேத்து இவங்களுக்கு ரத்தத்தை நிறுத்த ஒரு ஊசி போட்டோமே, அதுல இருக்கிற சத்துதான் ஐயா பச்சை இலையிலயும் இருக்கு. நான் மாத்திரையால ரத்தத்தை நீர்க்க வைக்கப் பார்க்கறேன்; நீங்க சட்டியால உறைய வைக்கறீங்க. நான் மாத்திரையைக் கூட்டினேன். திடீர்னு சட்டி நின்னுபோச்சு. கூட்டின மாத்திரை தனியா நின்னு ஆட்டம் போட்டிருக்கு."

"அப்போ நாங்க ஊரே கூடி, தெனமும் டாக்டரம்மாவுக்கு எதிர்த்தாப்ல ஊசி போட்டுகினு இருந்திருக்கோம்" என்றாள் செவ்வந்தி மெல்லிய குரலில். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். "நான் பூண்டு வேற தட்டிப்போட்டேனே!"

சிரிப்பு அடங்கியதும் டாக்டரின் முகம் மாறிற்று. "ஆனா இனிமே துணிஞ்சு உங்களை மேல அனுப்ப முடியாதும்மா. இங்கேயே தங்குங்க."

மாதம்மாள் சுவரின் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த முதுகைக் கண்ட சின்னதம்பிக்குத் தாம் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது.

"முறைச்சட்டிய நிறுத்திட்டா அனுப்புவீங்களா, டாக்டரம்மா?" என்று கேட்டார். கேட்டபோதே, ஊரின் வாசலில் நின்று அதை எப்படிச் சொல்லப்போகிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை.

"நிறுத்தவேண்டியதில்ல, ஐயா. அதான் எல்லாரும் தப்பா நினைக்கிறது. கீரை சாப்பிடலாம். ஆனா தினமும் ஒரே அளவு. ஒரே கீரையா இருந்தா இன்னும் நல்லது. ஒருநாள் சட்டி நிறைய, ஒருநாள் ஒண்ணுமில்லன்னு இருக்கக்கூடாது. அந்த அளவுக்குத் தகுந்த மாதிரி நான் மாத்திரையை அமைச்சுக்கறேன். ஒரு ஊரே சேர்ந்து அப்படி ஒழுங்கா நடக்குமா?"

"நடக்கும்" என்றார் சின்னதம்பி. அவர் ஊரைக் கேட்காமல் சொன்ன முதற்சொல் அது.

ராஜ்குமாரைத் தாய்க்குத் துணையாக விட்டுவிட்டு மறுநாளே சின்னதம்பியும் செவ்வந்தியும் மலையேற, கோயில் திடலில் ஊர் கூடிற்று. சின்னதம்பி நடந்ததைச் சொன்னார். தங்கள் கீரையே எதிராக நின்றது என்று கேட்டு முதலில் திகைத்தார்கள்; பிறகு எவருடைய சட்டி பெரியது, எவர் அதிகம் கடைந்தார் என்று ஒருவரையொருவர் குற்றம் சாட்டினார்கள்; பிறகு எந்தக் கீரை என்று பேச்சு வந்தபோது திடல் இரண்டுபட்டது.

"பண்ணைதான் குளிர்ச்சி."

"பண்ணை பங்குனில காஞ்சிபூடும். அப்போ உன் தாடியையா கடைஞ்சி குடுப்ப?"

ராஜவேலு கையை உயர்த்தினார். "முருங்கை. வூட்டுக்கு வூடு கீது. வருசம் பூரா தழையும். பேச்சு முடிஞ்சிபோச்சி."

அளவுக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டையைத் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். உருவிய முருங்கை இலையை அதில் தலைதட்டி அளந்து கடைவது. முறை முடிந்த வீடு சிரட்டையைக் கழுவி அடுத்த வீட்டுக்குத் தருவது. எல்லாம் ஒழுங்காக அமைந்தது. அப்பொழுதுதான் ஒருவர் கேட்டார்: "இன்னும் காப்பு கீதே. கும்பம் கரைக்கிற வரைக்கும் சட்டி எப்பிடிப் படி தாண்டும்? அடுத்த வருசக் காப்புக்கு இன்னா பண்றது?"

ஒருநாளும் விடக்கூடாது என்பது டாக்டரின் சொல். படி தாண்டக்கூடாது என்பது அம்மனின் சொல். சின்னதம்பி எழுந்து நின்றார். அம்மன் இருந்த பக்கம் திரும்பிக் கைகூப்பினார்.

"அம்மனையே கேட்டுப்பூடலாம்" என்றார் ராஜவேலு.

பூசாரி அம்மனின் தலையில் ஒரு செவ்வரளிப் பூவை வைத்தார். அது தானாக விழுந்தால் உத்தரவு கிடைத்ததாகப் பொருள். ஊர் கைகூப்பி நின்றது. பூ அசையவில்லை. கற்பூரம் எரிந்து அணைந்தது, மீண்டும் ஏற்றினார்கள். பூ இருந்த இடத்திலேயே இருந்தது. கூட்டத்தில் பெருமூச்சு எழுந்தது. பூசாரி உதட்டைப் பிதுக்கியபடி திரும்பினார்.

செவ்வந்தி கூட்டத்தைப் பிளந்துகொண்டு கருவறை வாசலுக்கே போய்விட்டாள்.

"இன்னாம்மா யோசிக்கிற? உனுக்கு ஈரல அறுத்திருந்தாத் தெரியும்! வருசா வருசம் உனுக்குக் கும்மிப் பாட்டு எடுத்துக் குடுக்கறது யாரு? எங்க அக்கா. எனுக்குப் பாட்டு வராது, ஆட்டம் வராது, முந்தாநேத்து மேளக்காரன் மடில போய் வுழுந்தேன், நீ பாத்துகினுதான இருந்த? அவ கீழ போயி மின்விசிறி அடில குந்திகினா உனுக்கு எவ பாடுவா? நான் பாடுவேன். வருசம் பூரா நான்தான் பாடுவேன். கேட்டுக்கறியா? கேட்டுக்கறியான்றேன்!"

சொன்னதோடு நில்லாமல் அவள் பாடவும் தொடங்கினாள்.

இரண்டாவது அடியில் பூ விழுந்தது.

காற்று என்பார் காற்று என்க. பலாக்கொல்லையார் உத்தரவு என்றார்கள். மேளக்காரர் தம்மை மறந்து ஓர் அடி அடித்தார். சின்னதம்பி தரையில் விழுந்து கும்பிட்டார். எழுந்தபோது அவர் முகம் முழுதும் மண்ணும் கண்ணீரும் சிரிப்புமாக இருந்தது.

அன்று மாலையே ராஜவேலுவும் சின்னதம்பியும் சிரட்டையைத் துணியில் பொதிந்துகொண்டு வேலூருக்குப் போனார்கள். டாக்டர் சரிதா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதே அளவுதானா? பாசத்துல தலைக்கு மேல குவிக்கமாட்டாங்களே?"

"குவிச்சா அந்த வூட்டுக்குத் திருவிழாவுல முதல் மரியாதை கெடையாதுன்னு தீர்ப்புங்க" என்றார் ராஜவேலு.

"அப்போ சரி." அவர் சிரட்டையைத் திருப்பிக் கொடுத்தார். "எண் அடங்கினதும் அனுப்பறேன். ஆனா மேல போனதும் ரெண்டு சோதனை பார்ப்பேன். ஒண்ணு தவறினாலும் கீழ வந்துடணும்."

அவர் சொன்னபடியே அனுப்பினார். முதற்சோதனைக்கு ஒடுகத்தூர் போன ராஜ்குமார், முடிவு வந்ததும் வேலூருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, மலையேறும் வழியெல்லாம் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே வந்தான். எண் சரியாக நின்றது. இரண்டாம் முறையும் அசையவில்லை. மாத்திரை ஓர் அளவில் அமர்ந்தது. சிரட்டை வீடு வீடாகச் சுற்றிற்று. "என் மருமவ தலதட்டி அளக்கறப்போ மூச்சுகூட வுடறதில்ல" என்று பெரியவீட்டு அம்மாள் பெருமை பேசினாள். புளி உலுக்கும் காலம் வந்தபோது மாதம்மாள் நிழலில் அமர்ந்து, கத்தி வேண்டாத வேலையாக, மற்றவர் தட்டிய புளியில் கோது பொறுக்கினாள். திட்டும் வேலையையும் விடவில்லை. தினமும் முருங்கை வந்தது. தினமும் உண்டாள். ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை.

சித்திரையில் மீண்டும் படம் பிடித்துப் பார்த்தார்கள். குழாய் திறந்திருந்தது, ஈரல் தழைத்திருந்தது. "மாத்திரையை நிறுத்திடலாம். இனிமே எது வேணும்னாலும் சாப்பிடுங்க" என்றார் டாக்டர் சரிதா.

ஜீப் ஊருக்குள் நுழைவதற்குள் செய்தி முந்திக்கொண்டது. அளவுக்குக் கட்டுப்பட்டு இத்தனை மாதம் ஏங்கிக் கிடந்த அத்தனை வீட்டுப் பெண்களும், இனி அளவில்லை என்றதும், ஆளுக்கொரு சட்டி நிறையக் கடைந்துகொண்டு வந்து நின்றார்கள். வாசலெல்லாம் சட்டி, நடையெல்லாம் சட்டி. எல்லாவற்றிலும் முருங்கை.

மாதம்மாள் ஜீப்பிலிருந்து இறங்கினாள். நேரே உள்ளே போய்க் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு ஊற்றுக்கு இறங்கினாள். ஊர் மேட்டில் நின்று பார்த்தது. சின்னதம்பி அவள் வைத்த ஒவ்வோர் அடிக்கும் தாமும் காற்றில் ஒரு கால் தூக்கிவைத்தார். அவள் நிறைகுடத்துடன் ஏறிவந்து, வாசலில் இறக்கி, வரிசையாக இருந்த சட்டிகளைப் பார்த்தாள்.

"ஆயி மகராசிங்களே, உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும். ஆனா இன்னொரு வாய் முருங்கைய உள்ள தள்ளினீங்கன்னா நான் ஆடாட்டம் கத்திடுவேன். யார் வூட்லயாவது கருவாட்டுக் கொழம்பு கீதாடி?"

"எங்கூட்ல கீது, யக்கா!" என்று செவ்வந்தி அவளை இழுத்துக்கொண்டு ஓடினாள். சிரித்தபடி பெண்கள் கூட்டம் முழுதும் பின்னே போயிற்று.

சின்னதம்பி வாசலில் தனித்து நின்றார். முறைச்சட்டியைத் திருப்பி அனுப்பியவர் அந்த ஊரில் இதுவரை பிறக்கவில்லை. மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சம்மணமிட்டு அமர்ந்து, முதற்சட்டியை மடிக்கு இழுத்தார். வேலிக்கு அப்பாலிருந்து மனைவியின் குரல் கேட்டது: "கொழம்புல உப்பு பத்தலடி!"

அவர் நிறைந்த மனத்துடன் உண்ணத் தொடங்கினார்.